ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: நெல்லையிலிருந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

பாளையங்கோட்டையில் படித்தபோது பரிமாற்ற மாணவனாக ஒரு செமஸ்டர் ஜெர்மனிக்குப் போனேன். அதில் பாதி நாள் திருநெல்வேலியில்தான் இருந்தேன். அலமாரியில் இட்லிப் பொடி, பக்கத்து அறையில் மதுரைப் பையன், காதில் அம்மாவின் குரல். இப்போது கிளம்பத் தயாராகும் தம்பி தங்கைகள் யோசனை கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

குளிர்காலத்தில் நம் கடிகாரம் ஜெர்மனியைவிட நான்கரை மணி நேரம் முன்னே ஓடுகிறது, கோடையில் மூன்றரை. அங்கே மாலை ஆறு மணிக்கு விடுதியின் பொதுச் சமையலறையில் எல்லோரும் கூடுவார்கள். இங்கே அப்போது இரவு பத்தரை. தூங்கப் போகுமுன் என்னிடம் பேச அம்மா காத்திருப்பார். நான் தினமும் அறைக்கு ஓடினேன். ஞாயிறு மட்டும் பேசுவது என்று மாற்றியபோது அம்மா இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தச் சமையலறைக்குள் நான் நுழைந்தது அதற்குப் பிறகுதான். டின் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தேன். முருங்கைக்காய் இல்லாததெல்லாம் சொதியா என்று ஆச்சி கேட்டிருப்பாள். போலந்துக்காரன் மூன்று தடவை வாங்கிக் குடித்தான்.

இதைவிடப் பெரிய தவறு வகுப்பில் வாய் திறக்காமல் இருப்பது. நமக்கு அது மரியாதை. ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசாதவன் நல்ல பிள்ளை என்றுதான் பள்ளியிலிருந்தே வளர்ந்திருக்கிறோம். அங்கே செமினார் வகுப்பில் சும்மா இருந்தால், கட்டுரையைப் படிக்காமல் வந்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு பேராசிரியர் என்னைத் தனியாக அழைத்து, பாடம் கடினமாக இருக்கிறதா என்று பரிவோடு கேட்டார். எனக்குக் கூசிப்போயிற்று, எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அதன்பின் வகுப்புக்கு ஒரு கேள்வியாவது எழுதிக்கொண்டு போனேன். முதல் கேள்வி கேட்கும்போது என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை; எனக்குத்தான் காது சுட்டது.

மதிப்பெண்ணைப் பற்றி வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே 1.0தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. நான் 1.7 வாங்கியதாகச் சொன்னதும் அப்பா, “எத்தனைக்கு?” என்று கேட்டுவிட்டு அமைதியானார்.

காகித வேலைகளில் சோம்பல் கூடாது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்யவேண்டும். ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். எந்தப் பாடம் இங்கே எதற்கு ஈடு என்பதைக் கிளம்புமுன் துறையில் எழுத்தில் வாங்குங்கள். ‘வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாய்வார்த்தையை நம்பிப்போன என் நண்பன் திரும்பிவந்து ஒரு தாளை மறுபடி எழுதினான். வெளியிலிருந்து பால் பொருள்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருப்பதால், அம்மா திணிக்கும் நெய் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். நான் முதல் ஞாயிறு பிஸ்கட் தின்று கழித்தேன்.

ஊர் திரும்பியபின் செய்யும் தவறு ஒன்று உண்டு: எதற்கெடுத்தாலும் “அங்கேயெல்லாம்…” என்று ஆரம்பிப்பது. டவுனில் ஒரு கல்யாண வீட்டில் நான் அப்படி ஆரம்பித்தபோது மாமா பொறுமையாகத் தலையாட்டினார். பேச்சு ரயில் நேரம்வரை வந்திருக்கும். “பந்தி போட்டுவிட்டார்கள் மருமகனே” என்று எழுந்து போய்விட்டார்.