கால்நடைத் தொழில்நுட்பப் பணிக்குத் தொழிற்பயிற்சி வழியே செல்வது எப்படி?

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு கைகூடாத கிராமத்து இளைஞர்களுக்குச் செயற்கைமுறைக் கருவூட்டல் பணி ஒரு நல்ல வாசல். மத்திய அரசின் ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் என்ற மாட்டின மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் ‘மைத்ரி’ என்ற பெயரில் மூன்று மாதப் பயிற்சி தரப்படுகிறது. ஒரு மாதம் வகுப்பு, மீதி களப்பயிற்சி. விண்ணப்பிக்கும் முறையை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டறியலாம்.

களப்பயிற்சியில் ஒரு நாளைக்கூடத் தவறவிடாதீர்கள். உறைவிந்துக் குச்சிகள், அதாவது காளையின் விந்தை உறையவைத்த மெல்லிய குழாய்கள், திரவ நைட்ரஜன் கலனில் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருப்பவை. அவற்றைக் கலனின் கழுத்துக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு தேடினால், வெளியே எதுவும் தெரியாமலேயே விந்தணுக்கள் கெட்டுவிடும். எடுத்த குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 விநாடி வைத்து, ஈரம் சிறிதும் இல்லாமல் துடைத்த பின்னரே கருவூட்டல் துப்பாக்கி எனும் நீண்ட, மெல்லிய கருவியில் பொருத்த வேண்டும். காலையில் சினைப்பருவ அறிகுறி காட்டிய மாட்டுக்கு அன்று மாலையிலும், மாலையில் காட்டியதற்கு மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவது, அதாவது கருவூட்டுவது, வழக்கம். கருப்பை வாயைக் கையால் உணர்ந்து, துப்பாக்கியை அதன் வழியே செலுத்தும் பக்குவத்தை எந்தப் புத்தகமும் தராது; அனுபவமுள்ளவரின் அருகில் நின்று, மாடு மாடாகப் பழகித்தான் அது கைவரும்.

சான்றிதழ் பெற்றதாலேயே எவரும் மருத்துவர் ஆகிவிடுவதில்லை. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984-இன்படி, மாநில அரசு அனுமதித்த சிறு சேவைகளை மட்டுமே, அதுவும் பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில், இத்தகையோர் செய்யலாம். காய்ச்சலோ கன்று ஈனுவதில் சிக்கலோ கண்டால் உடனே மருத்துவரை அழையுங்கள்.

மாட்டின் காதில் அடையாளத்துக்காக மாட்டிய வில்லையின் 12 இலக்க எண், விந்து தந்த காளையின் எண், ஊசி போட்ட தேதி ஆகியவற்றை அன்றன்றே பதிந்து, மூன்றாம் மாதத்துக்குள் சினைப் பரிசோதனைக்குத் தவறாமல் திரும்பிச் செல்லுங்கள்.