டெல்டாவில் வெள்ளநீர் மாடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவில் வெண்ணாற்றுப் பகுதியை எடுத்து, அங்கே மழைநீர் ஓடும் விதத்தைக் கணினியில் மாடல் செய்யும் மாணவர்களின் வரைபடங்களில் அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அலகு மாறிப்போனது போன்றவை சீக்கிரமே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

30 மீட்டர் டிஇஎம் போதும் என்று நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். டிஇஎம் என்பது தரையின் உயரத்தைப் பிக்சல் பிக்சலாகத் தரும் டிஜிட்டல் வரைபடம்; இங்கே ஒரு பிக்சலின் அகலம் 30 மீட்டர். தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். நாகப்பட்டினம் கடற்கரை அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லை. ஒரு பிக்சலைத் தாண்டினால் தரை இறங்குவது சுமார் 2 சென்டிமீட்டர். எஸ்ஆர்டிஎம் என்ற டிஇஎம் தரவோ உயரத்தை முழு மீட்டரில்தான் தருகிறது. அதுவும் 2000-ம் ஆண்டில் விண்ணிலிருந்து ரேடார் அளந்தது. தென்னந்தோப்பு இருந்த இடமெல்லாம் மேடாகிவிடும்.

தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்காக இதில் உள்ள பள்ளங்களை நிரப்பச் சொன்னால், தட்டையான இடத்தில் மென்பொருள் தானே ஒரு பாதை போட்டுவிடும். திருத்துறைப்பூண்டி பக்கத்துக்கு ஒரு மாணவி போட்டுவந்த வரைபடத்தில் ஓடைகள் சீப்பால் வாரியதுபோல இணைகோடுகளாக ஓடின. ஒன்று தோப்பைச் சுற்றி வளைந்து போனது. அங்கே அப்படி ஓடையே கிடையாது. “பிக்சலை இன்னும் சின்னதாக்கட்டுமா சார்?” என்று கேட்டார். அதனால் சரியாகாது. இங்கே தேவை உயரத்தில் துல்லியம். வடிகாலின் குறுக்குவெட்டு அளவுகளையும் மதகுகளின் சில் லெவலையும் (மதகின் அடிமட்ட உயரம்) நீர்வளத் துறையில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் லெவல் கருவியோடு போய் எடுங்கள். எங்கிருந்து தண்ணீர் வந்து சேர்கிறது என்று காட்டும் படுகை எல்லையே தப்பானால் அதற்கு மேல் போடும் கணக்கெல்லாம் வீண்.

எல்லா வாய்க்காலையும் வெட்டி இறக்குவது

பாசன வாய்க்கால் மேட்டில் ஓடும், வடிகால் பள்ளத்தில் ஓடும். தண்ணீருக்குப் பாதை காட்ட டிஇஎம்மில் உயரத்தைக் குறைத்து இரண்டையும் ஒரே ஆழத்துக்கு வெட்டினால் வயலில் பெய்த மழை பாசன வாய்க்காலுக்குள் போய்ச் சேரும்.

90 மீட்டரை 30 ஆக மாற்றுவது

90 மீட்டர் பிக்சலைக் கணினியில் 30 மீட்டராகப் பிரித்தாலும் புதுத் தகவல் எதுவும் வராது.

வரப்பை மறப்பது

30 மீட்டர் பிக்சலில் வரப்பு தெரியாது. ஆனால் ஐப்பசி மழையைப் பிடித்துவைப்பது அதுதான். வயல் நிரம்பி வழிந்த பிறகுதான் வடிகாலுக்குத் தண்ணீர் வரும். படுகையில் தண்ணீர், மண், உரச்சத்து ஓட்டத்தைக் கணக்கிடும் ஸ்வாட் மாடலில் நெல்வயலைச் சாதாரண நிலமாக வைத்தால் முதல் மழைக்கே வெள்ளம் காட்டும்.

மாசுக்கும் அதே பிக்சல்

மாசுக் கணக்கில், பிக்சல் பெரிதானால் சரிவு சராசரியில் மழுங்கும். மண் அரிப்பு குறைவாக வரும்; மண்ணோடு ஒட்டிப் போகும் பாஸ்பரசும் கூடவே குறையும். நைட்ரேட் தண்ணீரில் கரைந்து போவதால் பொதுவாக அவ்வளவு மாறாது. குடகு மலைச்சரிவில் இது பெரிதாகத் தெரியும். கடலோர டெல்டாவிலோ நிலப்பயன்பாட்டு வரைபடத்தைத்தான் முதலில் பாருங்கள்: இறால் குட்டையும் நெல்வயலும் ஒரே பிக்சலில் கலந்திருந்தால், வடிகாலில் வரும் உரச்சத்து எதிலிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது.