பூனைப் படத்தை நம்பி நாவல் எடுக்காதீர்கள்

வாசகர் வட்டத்தில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "இந்த மாதம் கனமாக எதுவும் வேண்டாம். இதமாக ஒரு ஜப்பானிய நாவல் எடுக்கலாமே." உடனே எல்லோரும் தலையாட்டுவார்கள். அட்டையில் பூனையோ காபிக் கோப்பையோ பழைய புத்தகக்கடையோ இருந்தால் போதும், முடிவாகிவிடும்.

நானும் ஒருமுறை அப்படித்தான் எடுத்தேன். ஹிரோ அரிகாவா எழுதிய 'த டிராவலிங் கேட் கிரானிகிள்ஸ்'. சதோரு என்ற இளைஞன் தன் பூனை நானாவை யாரிடமாவது ஒப்படைப்பதற்காகப் பழைய நண்பர்களைத் தேடி வண்டியில் போகிறான். கதையில் பெரும்பகுதியை அந்தப் பூனையே நக்கலும் பெருமையுமாகச் சொல்கிறது. ஏன் ஒப்படைக்கிறான் என்பதை இங்கே உடைக்க மாட்டேன். எங்கள் குழுவில் அப்போதுதான் வீட்டில் ஒருவரை இழந்திருந்த தோழி இருந்தார். கடைசி அத்தியாயங்களை அவரால் படிக்க முடியவில்லை, கூட்டத்துக்கும் வரவில்லை. புத்தகத்தின் மேல் குறையில்லை. விசாரிக்காமல் எடுத்த என் மேல்தான்.

முதல் தவறு இதுதான்: மென்மையான நாவலில் துக்கம் இருக்காது என்று நினைப்பது. இந்த வகைக் கதைகளைப் பற்றிப் பேசும்போது ஜப்பானியர்கள் 'இயாஷி' என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். ஆற்றுதல், குணமாக்குதல் என்று பொருள். ஆற்ற வேண்டுமென்றால் முதலில் காயம் ஒன்று இருக்க வேண்டுமே! தோஷிகாசு கவாகுச்சியின் 'பிஃபோர் த காஃபி கெட்ஸ் கோல்ட்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். காபி ஆறுவதற்குள் கடந்த காலத்துக்குப் போய்த் திரும்பலாம் என்பதைக் கேட்டால் குழந்தைக் கதை மாதிரி இருக்கும். உள்ளே மனைவியையே மறந்துகொண்டிருக்கும் கணவன் இருக்கிறார், இறந்துபோன தங்கை இருக்கிறாள். குரல்தான் மென்மை, சொல்லும் விஷயம் அப்படி இல்லை.

அதற்காக இவற்றை ஒதுக்க வேண்டாம். தேர்ந்தெடுப்பவர் முழுசாகப் படித்துவிட்டுப் பரிந்துரைத்தால் போதும். அப்புறம், நினைவிழப்பு, நோய், பிள்ளையை இழப்பது என்று ஏதாவது இப்போதைக்கு வேண்டாமா என்று உறுப்பினர்களிடம் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது, என் கணக்கில் இன்னும் பெரியது. யாருக்கும் வலிக்கக் கூடாது என்று தேடித் தேடி, பேச ஒன்றுமே இல்லாத புத்தகத்தை எடுப்பது. "நல்லா இருந்தது", "ஆமா, மனசுக்கு இதமா இருந்தது" என்று பத்து நிமிடத்தில் கூட்டம் தீர்ந்துபோகும். குழுவை இரண்டாகப் பிரிக்கும் கேள்வி ஒன்றாவது உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

டூரியன் சுகெகாவாவின் 'ஸ்வீட் பீன் பேஸ்ட்' இதற்கு நல்ல உதாரணம். சிறைக்குப் போய் வந்த செந்தாரோ, கடனை அடைப்பதற்காக தொராயாகி என்ற பலகாரம் விற்கும் சின்னக் கடையை நடத்துகிறார். எழுபதைத் தாண்டிய தொகுயே என்ற பெண்மணி வேலை கேட்டு வருகிறார். அவர் கிண்டும் பயறு விழுதின் ருசியில் வியாபாரம் பிடிக்கிறது. ஆனால் அவருடைய விரல்கள் வளைந்திருக்கின்றன. இளம் வயதிலேயே தொழுநோய் என்று தனிமை இல்லத்துக்கு அனுப்பப்பட்டவர் அவர். நோய் எப்போதோ குணமாகிவிட்டது. ஆனால் நோயாளிகளை ஒதுக்கிவைத்த சட்டத்தை ஜப்பான் 1996இல்தான் நீக்கியது. அதன் பிறகும் ஊர்வாய் அடங்கவில்லை. வதந்தி பரவும்போது செந்தாரோ அவருக்காக எவ்வளவு தூரம் நின்றார், அது போதுமா என்று கேட்டுப் பாருங்கள். வழக்கமாக வாய் திறக்காதவர்கள்கூடப் பேசுவார்கள். இத்தனைக்கும் நாவல் ஓரிடத்தில்கூடக் குரல் உயர்த்துவதில்லை.

யோகோ ஒகாவாவின் 'த ஹவுஸ்கீப்பர் அண்ட் த புரொஃபசர்' வேறு மாதிரி. அதில் வரும் கணிதப் பேராசிரியரின் நினைவு 80 நிமிடம்தான் நிற்கும். அவருக்கும் அவருடைய அண்ணிக்கும் இடையில் என்ன இருந்தது என்பதை ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்வதே இல்லை, அதனால் குழுவுக்கு வேலை நிறைய. கணிதம் என்றதும் சிலர் பின்வாங்குவார்கள். 220, 284 என்ற இரண்டு எண்களின் நட்பைப் (ஒன்றை மீதியில்லாமல் வகுக்கும் அதைவிடச் சிறிய எண்களைக் கூட்டினால் மற்றது வரும்) புரிந்துகொள்ளக் கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும் என்று சொல்லிக் கூட்டி வாருங்கள்.

அடுத்தது, ஆசிரியர் பெயரை நம்பி எடுப்பது. சயாகா முராதாவின் 'கன்வீனியன்ஸ் ஸ்டோர் உமன்' பலருக்கும் பிடித்த, வேடிக்கையான சின்ன நாவல். 2016இல் ஜப்பானின் இலக்கியப் பரிசான அகுதகாவா பரிசு பெற்றது. அதே சுவையை எதிர்பார்த்து அவருடைய 'எர்த்லிங்ஸ்' நாவலைக் குழுவுக்குத் தந்தீர்களோ, தொலைந்தீர்கள். முள்ளெலி பொம்மை அதில் வருகிறது, சரி. கூடவே சிறுமி மீதான பாலியல் வன்முறை, கொலை, நரமாமிசம் எல்லாம் வருகின்றன. நல்ல எழுத்துதான், இதமான மாதத்துக்கு ஆகாது.

"ஒன்றுமே நடக்கவில்லையே" என்ற புகாரும் தவறாமல் வரும். தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்ற நான்கு அடுக்கை ஜப்பானியர்கள் 'கிஷோதென்கெத்சு' என்கிறார்கள். அதில் திருப்பம் என்பது மோதலாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பார்க்கும் கோணம் மாறினாலே போதும். இதைக் கூட்டத்துக்கு முன்பே ஒரு வரியில் சொல்லிவைத்தால் பாதிப் புகார் குறையும். காபிக்கடை நாவலில் விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே என்று எரிச்சல்படுபவர்களிடம், அது முதலில் மேடை நாடகமாக இருந்தது என்று சொல்லுங்கள். ஒரே அறை, ஒரே நாற்காலி, ஆட்கள் வருவதும் போவதும் எல்லாம் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

பக்கம் குறைவு என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். முடிக்காமல் வருபவர்கள் அதிகம் என்றால் தனித்தனிக் கதைகளாகப் பிரிந்த நாவல் உதவும். மிச்சிகோ அஒயாமாவின் 'வாட் யூ ஆர் லுக்கிங் ஃபார் இஸ் இன் த லைப்ரரி' என்ற நூலக நாவலில் ஐந்து பேரின் ஐந்து கதைகள். இரண்டைப் படித்தவரும் பேச்சில் கலந்துகொள்ளலாம்.

கடைசியாக, பெயர் மட்டும் சொல்லி வாங்கச் சொல்லாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். ஹிரோமி கவாகாமியின் ஒரு நாவல் அமெரிக்காவில் 'த பிரீஃப்கேஸ்' என்றும் பிரிட்டனில் 'ஸ்ட்ரேஞ்ச் வெதர் இன் டோக்கியோ' என்றும் வந்தது. இரண்டுக்கும் ஆலிசன் மார்கின் பவல்தான் மொழிபெயர்ப்பாளர், கதையும் ஒன்றேதான். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டையும் காசு கொடுத்து வாங்கி, இரண்டாவதில் 20 பக்கம் போன பிறகுதான் "இந்த வாத்தியாரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே" என்று யோசித்தாராம்.