நிலைவாசலுக்கு நூலில் ஒரு மாவிலைத் தோரணம்: குரோஷா புதிதாகப் பழகுபவர்களுக்கு

குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை, கற்றுக்கொள்ள வருபவர்களிடம் முதலில் ஒரு மஃப்ளர் பின்னச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே பின்னலை வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனால், பாதி வழியிலேயே ஊசியை எடுத்து வைக்கத் தோன்றிவிடும். முடித்தாலும் நம் ஊர் வெயிலில் அதை யார் போட்டுக்கொள்வது? ஒரு மாவிலையில் ஆரம்பியுங்கள். நீளம் பத்து செ.மீ.தான். ஆனால் ஸ்லிப் ஸ்டிட்ச், சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள் என்று குரோஷாவின் அடிப்படைப் பின்னல்கள் அத்தனையும் அந்த ஒரே இலைக்குள் வந்துவிடும். சரியாக வராவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி போடலாம், பெரிய நஷ்டமில்லை. இலைகளையும் நடுவில் செண்டுமல்லிப் பூக்களையும் கோத்துவிட்டால், தீபாவளி, பொங்கல், வருஷப்பிறப்பு என எல்லாவற்றுக்கும் வாசலில் கட்ட ஒரு தோரணம் ரெடி.

பண்டிகை காலையில் பச்சை மாவிலை கட்டும் வழக்கத்துக்கு இது மாற்று இல்லை. அந்த வாசனையை நூலில் கொண்டுவர முடியாது. ஆனால் பச்சை இலை இரண்டு மூன்று நாளில் காய்ந்து சுருண்டுவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கொத்து மாவிலை கிடைப்பதே பெரிய பாடு. அவர்கள் கடையில் பிளாஸ்டிக் தோரணம் வாங்குவதைவிட, கையால் பின்னி வருஷா வருஷம் கட்டுவது எவ்வளவோ மேல்.

என்னென்ன வேண்டும்

நான்கு இழைப் பருத்தி நூல் வாங்குங்கள். கைவேலைப் பொருள் கடைகளில் நிட்டிங் காட்டன் என்று கேட்டால் தருவார்கள். கரும்பச்சையில் 50 கிராம் உருண்டை ஒன்று, மஞ்சளிலோ ஆரஞ்சிலோ ஒன்று வாங்கினால் ஒரு வாசலுக்குத் தாராளமாகப் போதும். நரம்புக்கு இளம்பச்சை கொஞ்சம் வேண்டும். முடிந்தால் செம்பு நிறத்திலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள், அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

உல்லன் என்ற பெயரில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். விலை குறைவு, நிறமும் நன்றாக இருக்கும். ஆனாலும் வாசல் தோரணத்துக்கு நான் பருத்தியைத்தான் சொல்வேன். பருத்தி இலை கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்கும். அக்ரிலிக் கஞ்சியைச் சரியாகக் குடிக்காது, நெருப்புப் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். விளக்கு ஏற்றும் இடத்துக்கு அது வேண்டாம்.

ஊசி 3 மி.மீ. அளவு. கைப்பிடியின் தட்டையான இடத்தில் அளவு அச்சாகியிருக்கும். 3.5 மி.மீ. ஊசி ஒன்றும் கூட இருந்தால் நல்லது. கண்ணாடிப் பெட்டியில் மெல்லிய எஃகு ஊசிகளும் இருக்கும். அவை லேஸ் நூலுக்கானவை. 2024-ல் புவிசார் குறியீடு பெற்ற ஆந்திராவின் நரசாபுரம் குரோஷா லேஸ் அந்த மாதிரி மெல்லிய நூல் வேலைதான். பழகும்போது அந்தப் பக்கம் போக வேண்டாம், கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கத்தரிக்கோல், பெரிய காதுள்ள முனை மழுங்கிய ஊசி, இரண்டு ஊக்கு, அளக்கும் டேப். அவ்வளவுதான்.

ஐந்து அசைவுகள்

நூலை இடது கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரல் மேலாகக் கொண்டு வாருங்கள். நூல் சீராக வழுகி வர வேண்டும், அதற்குத்தான் இந்தச் சுற்று. ஊசி வலது கையில். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் அப்படியே கை மாற்றிச் செய்யலாம்.

செயின்: நூலில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலை ஊசியின் மேல் பின்னாலிருந்து முன்னால் சுற்றி, கொக்கியில் பிடித்து, ஊசியில் இருக்கும் கண்ணி வழியாக இழுங்கள். ஒரு செயின் ஆயிற்று. ஊசியில் மாட்டியிருக்கும் கண்ணியை எப்போதும் எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது.

ஸ்லிப் ஸ்டிட்ச்: ஊசியைச் செயினுக்குள் விட்டு நூலைப் பிடித்து, செயின் வழியாகவும் ஊசியில் இருக்கும் கண்ணி வழியாகவும் ஒரே இழுப்பில் இழுப்பது. இதற்கு உயரமே கிடையாது.

சிங்கிள்: ஊசியைச் செயினுக்குள் விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுங்கள்.

ஹாஃப் டபுள்: முதலிலேயே நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஊசியை விட வேண்டும். நூலை இழுத்தால் மூன்று கண்ணி. நூலைச் சுற்றி மூன்றின் வழியாகவும் ஒரே இழுப்பு.

டபுள்: இதுவும் ஹாஃப் டபுள் மாதிரியே ஆரம்பிக்கும். மூன்று கண்ணி வந்ததும் நூலைச் சுற்றி இரண்டின் வழியாக மட்டும் இழுங்கள். மறுபடி சுற்றி மிச்சம் இரண்டின் வழியாக இழுங்கள்.

யூடியூபில் பார்த்துப் பழகுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் சொல்வது அமெரிக்கப் பெயர்கள். அமெரிக்க முறையில் சிங்கிள் என்பதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் என்பார்கள். இது தெரியாமல் இரண்டு முறையையும் கலந்தால் இலையின் வடிவமே மாறிப்போகும்.

இலை

மாவிலையின் வடிவம் பின்னல்களின் உயரத்தில்தான் இருக்கிறது. நுனியில் ஸ்லிப், பிறகு சிங்கிள், ஹாஃப் டபுள், நடுவில் டபுள் என்று உயர்ந்து, காம்புப் பக்கம் அதே வரிசையில் இறங்கும். இது மனதில் பதிந்துவிட்டால் எண்ணிக்கையைப் பார்க்காமலேயே எந்த இலையையும் பின்னலாம்.

ஆரம்பத்தில் 15 செ.மீ. நூல் வாலை விட்டுவிட்டு 21 செயின் போடுங்கள். இந்த வால் இருக்கும் பக்கம்தான் காம்பு. பின்னால் கயிற்றில் தைக்க இதே நூல் உதவும், அதனால் வெட்டவும் வேண்டாம், பின்னலுக்குள் மறைக்கவும் வேண்டாம்.

முதல் பக்கம்: ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும் செயினை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். செயினுக்கு ஒன்று வீதம் 1 ஸ்லிப், 2 சிங்கிள், 3 ஹாஃப் டபுள், 8 டபுள், 3 ஹாஃப் டபுள், 2 சிங்கிள். எண்ணிப் பார்த்தால் 19 வரும். இன்னும் ஒரே ஒரு செயின் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒன்றைத் தாண்டியிருக்கிறீர்கள், இப்போதே பிரித்துச் சரிசெய்துவிடுவது நல்லது.

அந்தக் கடைசிச் செயினுக்குள்ளேயே 3 சிங்கிள் போடுங்கள். இலை தானாகத் திரும்பி, செயினின் அடிப்பக்கம் மேலே வந்துவிடும்.

இரண்டாம் பக்கம்: அதே செயின்களின் அடியில் மிச்சம் இருக்கும் கண்ணிகளில் 2 சிங்கிள், 3 ஹாஃப் டபுள், 8 டபுள், 3 ஹாஃப் டபுள், 2 சிங்கிள், 1 ஸ்லிப். இப்போது மறுபடி நுனிக்கு வந்திருப்பீர்கள். கூர்மைக்கு 2 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் ஒரு ஸ்லிப், பிறகு முதன்முதலில் போட்ட ஸ்லிப்பில் இன்னொரு ஸ்லிப். நூலை வெட்டி, கண்ணி வழியாக இழுத்து இறுக்கி, அந்த முனையை இலையின் பின்புறம் மழுங்கிய ஊசியால் நாலைந்து பின்னலுக்குள் ஓட்டிவிடுங்கள்.

அடுத்தது நடு நரம்பு. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இது போட்ட பிறகுதான் அது மாவிலை, அதுவரை ஏதோ ஒரு பச்சை இலை. இளம்பச்சை நூலை இலைக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். காம்புப் பக்கம் நடுச்செயினில் ஊசியை முன்னாலிருந்து பின்னால் விட்டு ஒரு கண்ணியை மேலே இழுங்கள். அடுத்த இடைவெளியில் ஊசியை விட்டு, நூலைப் பிடித்து, மேலே கொண்டுவந்து, ஊசியில் இருக்கும் கண்ணி வழியாகவும் இழுங்கள். இப்படியே நுனிவரை போனால் இலையின் முகத்தில் மெல்லிய சங்கிலிக் கோடு ஓடும். தளர்வாகவே போடுங்கள், இறுக்கினால் இலை சுருங்கிவிடும்.

இலையின் ஓரங்கள் மேலே குவிந்து வளைந்தால் உங்கள் செயின் இறுக்கம். செயினை மட்டும் 3.5 மி.மீ. ஊசியில் போட்டு, மற்றதை 3 மி.மீ.யில் தொடருங்கள். நடுப்பகுதி அலை அலையாக வந்தால் செயின் தளர்வு என்று அர்த்தம். முதல் இரண்டு மூன்று இலைகள் ஆளுக்கொரு அளவில் வருவது சகஜம். அவற்றைத் தோரணத்தின் இரண்டு ஓரங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

செம்பு நிற நூல் எதற்கு என்றால், மாமரத்துத் தளிர் பச்சையாக இருப்பதில்லை, செம்பும் பழுப்பும் கலந்த பளபளப்பில்தான் துளிர்க்கும். பதின்மூன்று இலையில் மூன்றை அந்த நிறத்தில் பின்னி இடையிடையே வைத்துப் பாருங்கள். தோரணம் ஒரே பச்சையாகத் தட்டையாகத் தெரியாது.

செண்டுமல்லி

பூ இலையைவிடச் சுலபம். 41 செயின் போட்டு, இரண்டாவது செயினிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள் போடுங்கள். மொத்தம் 40. திருப்பிக்கொள்ளுங்கள்.

இந்த வரிசையில்தான் இதழ் வரும். 3 செயின் போட்டு அடுத்த பின்னலில் ஒரு ஸ்லிப். இதையே முதல் 12 பின்னலுக்குச் செய்யுங்கள். அடுத்த 14 பின்னலுக்கு மூன்று செயினுக்குப் பதில் 4, கடைசி 14-க்கு 5. முடிந்ததும் 30 செ.மீ. வால் விட்டு நூலை வெட்டுங்கள். கையில் வளையம் வளையமாகத் தொங்கும் ஒரு பட்டை இருக்கும். சின்ன வளையங்கள் உள்ள முனையிலிருந்து பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, அடிப்பக்கத்தை அந்த வால் நூலால் குறுக்கும் நெடுக்கும் நன்றாகத் தையுங்கள். நடுவில் இருக்கும் சுருளும் தையலில் மாட்ட வேண்டும், இல்லையென்றால் நாள் போகப் போக வெளியே துருத்திக்கொண்டு வரும். தைத்த பிறகு விரலால் வளையங்களைக் கலைத்துவிட்டால் பூ நிறைந்து நிற்கும்.

கயிறு, கோப்பு

மூன்றரை அடி அகல வாசலுக்கு 13 இலையும் 12 பூவும் சரியாக இருக்கும். உங்கள் நிலையை அளந்து, அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் செயினைக் கயிறாக்கினால் பாரத்தில் இழுபட்டு நடுவில் தொய்ந்துவிடும். 12 செயின் போட்டு முதல் செயினில் ஸ்லிப் போட்டு வளையமாக்குங்கள், இது ஆணியில் மாட்ட. அங்கிருந்து வாசல் அகலத்தில் 3 செ.மீ. குறைவாக வரும்வரை செயின் போடுங்கள். அப்புறம் இன்னும் 12 செயின் போட்டு, ஊசியிலிருந்து பதின்மூன்றாவது செயினில் ஸ்லிப் போட்டால் மறுமுனை வளையமும் ஆயிற்று. இப்போது செயினுக்கு ஒன்று வீதம் சிங்கிள் போட்டபடி முதல் வளையம்வரை திரும்பி வாருங்கள். கயிறு தட்டையாக, உறுதியாக இருக்கும்.

கோப்பதற்கு முன் கயிற்றின் நடுவை ஊக்கால் குறித்து, அங்கே ஓர் இலையைத் தையுங்கள். அதிலிருந்து இரண்டு பக்கமும் 4 செ.மீ.க்கு ஒன்றாகப் பூ, இலை, பூ, இலை என்று போனால் இரண்டு ஓரத்திலும் இலையில் முடியும். ஓர் ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு போனால் மறு ஓரத்தில் இடம் பற்றாமல் போகும்.

கஞ்சி

தைப்பதற்கு முன்பே இலைகளுக்குக் கஞ்சி போட்டுவிட வேண்டும். பூவுக்குத் தேவையில்லை. ஒரு டேபிள்ஸ்பூன் ஜவ்வரிசியை இரண்டு டம்ளர் தண்ணீரில், மணிகள் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். பருத்திப் புடவைக்குப் போடும் அதே கஞ்சிதான். ஆறியதும் இலைகளை நனைத்துப் பிழிந்து, துண்டு விரித்த அட்டையில் வைத்து, நுனியையும் காம்பையும் இழுத்துக் குண்டூசி குத்தி நிழலில் காயவிடுங்கள். சுருண்ட இலைகூட இதில் படிந்து நேராகிவிடும். கரும்பச்சையும் சிவப்பும் சாயம் விடலாம் என்பதால், முதலில் ஒரு சிறு துண்டு நூலை வெள்ளைத் துணியில் நனைத்து வைத்துப் பாருங்கள்.

பண்டிகை முடிந்து எடுத்து வைக்கும்போது கஞ்சியைத் தண்ணீரில் அலசிவிட்டு, நன்றாகக் காயவைத்து, துணிப்பையில் போடுங்கள். கஞ்சியோடு வைத்தால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். அடுத்த முறை மறுபடி கஞ்சி போட ஒரு மணி நேரம்கூட ஆகாது.

தோரணத்தை நிலையின் மேல் சட்டத்தில் மட்டும் கட்டுங்கள். பக்கச் சுவரில் மாடக்குழி இருந்து அதில் அகல் ஏற்றுவீர்கள் என்றால் ஓரத்து இலைகள் அந்தப் பக்கம் தொங்கக்கூடாது. மத்தாப்புக் கொளுத்துவது படியைவிட்டுத் தள்ளி இருக்கட்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதவர்கள் பசைக் கொக்கி ஒட்டிக்கொள்ளலாம், இதன் எடையை அது தாங்கும்.

புதிதாகப் பழகுபவருக்கு முதல் இலை ஒரு மணி நேரம்கூட எடுக்கும், போகப் போக அரை மணிக்குள் வந்துவிடும். கொலு எடுத்து வைத்த கையோடு தொடங்கினால் தீபாவளிக்கு ஏறக்குறைய மூன்று வாரம் கிடைக்கிறது. நாளுக்கு ஓர் இலை, ஒரு பூ என்றால்கூடப் போதும்.

கிறிஸ்துமஸுக்கும் இதே இலை உதவும். வெள்ளையிலோ சிவப்பிலோ ஐந்து இலை பின்னி, நரம்பு போடாமல், காம்புகள் நடுவில் சேரும்படி வட்டமாக அடுக்குங்கள். பக்கத்துப் பக்கத்து இலைகளைக் காம்பருகே இரண்டு பின்னல் அளவுக்குத் தைத்துவிட்டால் ஐந்து முனை நட்சத்திரம் கிடைக்கும். இதற்குக் கஞ்சி கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும், தண்ணீரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் 20 செயின் போட்டு வளையமாக்கினால் ஜன்னலில் தொங்கவிடலாம்.