வேண்டா வெறுப்பாக உடற்பயிற்சி செய்வது எப்படி?

"வேண்டா வெறுப்பாகப் பிள்ளையைப் பெற்றுக் காண்டாமிருகம் என்று பெயர் வைத்தாளாம்." அம்மா இதைச் சொன்னபோது நான் கையில் துண்டை வைத்துக்கொண்டு சுவரை முறைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைச் சொல்லவில்லை, நான் பயிற்சி செய்கிற அழகைச் சொன்னார்.

எனக்குத் தோள்பட்டை இறுக்கம். மருத்துவர்கள் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்பார்கள். பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களைக் கொஞ்சம் கூடுதலாகவே தேடி வரும். கை மேலே போகாது, பின்னாலும் போகாது. பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும், ஆனால் 1 முதல் 3 ஆண்டுகள் வரை இழுக்கலாம். பிசியோதெரபிஸ்ட் நான்கு பயிற்சிகள் கொடுத்தார்: ஒவ்வொன்றும் 10 முறை, தினமும் மூன்று வேளை. இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தேன். அதற்குப் பிறகு, ஆர்வம் வந்ததும் தொடரலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அது வரவில்லை. நாம் ஆசையாகச் செய்கிறோமா, முனகிக்கொண்டே செய்கிறோமா என்பது தோளுக்குத் தெரியாது என்று புரிந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. உங்களுடையது மூட்டு வலிக்குக் காலை நீட்டித் தூக்கும் பயிற்சியாகவோ காலை நடையாகவோ இருந்தாலும் இதே படிகள் உதவும்.

படி 1: எது பிடிக்கவில்லை என்று பிரித்துப் பாருங்கள்

'உடற்பயிற்சியே பிடிக்காது' என்பது பொதுவான பேச்சு. எனக்கு நான்கில் மூன்று பயிற்சிகளோடு பகை எதுவும் இல்லை. பிடிக்காதது துண்டுப் பயிற்சி ஒன்றுதான். முதுகு தேய்ப்பதுபோல் துண்டைப் பின்னால் பிடித்து, நல்ல கையால் மேலே இழுக்க வேண்டும்; வலிக்கிற கை கூடவே ஏறும். அந்த ஒன்றுக்குப் பயந்து நான்கையும் விட்டிருந்தேன்.

காரணம் வலி என்றால் அது எந்த வகை வலி என்று பாருங்கள். இழுத்துப் பிடிக்கிற வலி, கையை இறக்கியதும் தணிந்துவிட்டால் பரவாயில்லை. குத்துகிற வலி, மரத்துப்போதல், இரவு முழுக்கத் தூங்கவிடாத வலி என்றால் வைராக்கியம் வேண்டாம். சொல்லிக்கொடுத்தவரிடமே திரும்பப் போய்க் கேளுங்கள்.

படி 2: சிரிப்பு வருகிற அளவுக்குக் குறையுங்கள்

மோசமான நாளிலும் செய்யக்கூடிய ஒன்றைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது ஊசல் பயிற்சி. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மற்ற கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் போட வேண்டும். பத்துச் சுற்று, ஒரு நிமிடம்கூட ஆகாது. அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு நானே அனுமதி கொடுத்திருக்கிறேன். பாதி நாள் அதோடு நின்றும்விடுகிறேன், பொய் சொல்வானேன். மீதி நாட்களில், குனிந்தது குனிந்தாயிற்று என்று அடுத்ததற்குப் போய்விடுகிறேன்.

படி 3: வீட்டில் ஏற்கெனவே நடக்கிற வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

'காலையில் செய்வேன்' என்பது திட்டம் ஆகாது. காலை மிக நீளமானது. 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று குறிப்பாக முடிவு செய்துவைப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னதைச் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

என் முடிச்சு இட்லி. குண்டானில் தட்டை இறக்கி மூடினால் வேக 10 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சமையலறையை விட்டு எங்கேயும் போக முடியாது. முதல் மூன்று நிமிடம் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம், மீதி நேரம் பயிற்சி. மூடியைத் திறக்கிறபோது பயிற்சியும் முடிந்திருக்கும். இட்லி இல்லாத நாளுக்குக் குக்கர். மூன்றாம் வேளைக்கு இன்னும் சரியான முடிச்சு கிடைக்கவில்லை. அதனால் அது அடிக்கடி நழுவுகிறது.

படி 4: வரிசையை மாற்றுங்கள்

வெறுக்கிற பயிற்சியைக் கடைசிக்குத் தள்ளுவது இயல்பு. அதுதான் தவறு. பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையை வைத்து டேனியல் கானமனும் டொனால்ட் ரெடெல்மயரும் ஆராய்ந்தார்கள். கடைசி நிமிடங்களில் வலி குறைவாக இருந்தவர்கள், பரிசோதனை நீண்டிருந்தபோதும், அதை அவ்வளவு மோசமானதாக நினைவு வைத்துக்கொள்ளவில்லை. துண்டோடு முடித்தால் மறுநாள் துண்டுதான் நினைவுக்கு வரும். ஆகவே ஊசலில் ஆரம்பித்து, துண்டை இரண்டாவதாக வைத்து, சுகமான ஒன்றில் முடிக்கிறேன்.

படி 5: ஓர் இன்பத்தைப் பூட்டி வையுங்கள்

பிடித்த தொடர்கதையையோ கச்சேரியையோ பயிற்சி நேரத்தில் மட்டும் கேட்பது. கேத்தி மில்க்மன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சுவாரசியமான ஒலிநாவலை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடிந்தவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட அதிகமாக அங்கே வந்தார்கள். அமெரிக்காவின் நன்றி நவிலல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறைக்குப் பிறகு அந்தப் பலன் தேய்ந்துவிட்டது. நமக்குப் பொங்கல் விடுமுறை அதே வேலையைச் செய்யும். ஊரிலிருந்து திரும்பியதும் புதுக் கதை ஒன்றை ஆரம்பியுங்கள்.

படி 6: கண்ணுக்குத் தெரிகிற கணக்கு

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பது என் வேலை. பயிற்சி முடித்த பிறகுதான் கிழிப்பது என்று வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குக் காலையிலேயே ராகுகாலம் பார்க்க வேண்டும். "ஏன்டா, நம் வீட்டில் இன்னும் செவ்வாய்க்கிழமையா?" என்று அவர் கேட்கிற கேள்விக்குப் பயந்தே பல நாள் குனிந்திருக்கிறேன். எந்தச் செயலியும் என்னை இப்படி மிரட்டியதில்லை.

இன்னொரு கணக்கு சுவரில். விரல்களைச் சுவரில் எறும்புபோல் ஏறவிடுகிற பயிற்சியில், எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுங்கள். தினமும் அளந்தால் நேற்றைக்கு இன்றைக்கு இறங்கியதுபோலத் தெரிந்து மனம் விட்டுப்போகும். வாடகை வீட்டுக்காரர்கள் கதவின் பின்பக்கத்தைப் பயன்படுத்தலாம்.

படி 7: விட்டுப்போன நாளுக்கும் ஒரு விதி

பழக்கம் படிய 21 நாள் போதும் என்பதை நம்ப வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது.

என் விதி: ஒரு நாள் விட்டால் கேள்வி இல்லை, மறுநாள் குறைந்தபட்சப் பத்துச் சுற்றாவது கட்டாயம். விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யக் கூடாது. ஒரு முறை செய்தேன், வலி ஏறி அடுத்த மூன்று நாளும் போயிற்று.

ஆரம்பிக்கிறவர்கள் நாளைக்கே ஏழு படிகளையும் ஏற வேண்டாம். இரண்டாவதும் மூன்றாவதும் போதும். இன்றிரவு படுக்கும் முன் மாவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவையுங்கள்.