சடங்கைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

சடங்கு ஒன்றை ஆராயக் கிளம்பும் மாணவர் முதல் நாளே கேட்டுவிடும் கேள்வி, "இதற்கு என்ன அர்த்தம்?" என்பது. கேட்காதீர்கள். கேட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். "காலங்காலமாக இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அல்லது பெரியவர் ஒருவரைக் கை காட்டுவார்கள். அவர் வெளியாட்களுக்கென்று தயாராக வைத்திருக்கும் பதிலை ஒப்பிப்பார். மூன்றாவதுதான் மோசம்: இவ்வளவு தூரம் வந்தவர் வெறுங்கையோடு போகக் கூடாதே என்ற இரக்கத்தில், அந்த நிமிடமே ஓர் அர்த்தத்தை உண்டாக்கித் தந்துவிடுவார்கள். ஜெய்ப்பூரில் சமணர்களின் பூசையை ஆராய்ந்த கரோலின் ஹம்ப்ரியும் ஜேம்ஸ் லெய்ட்லாவும் 1994இல் வெளியிட்ட நூலில் இந்தச் சிக்கலைத்தான் பேசுகிறார்கள். ஒரே செயலைச் செய்கிறவர்கள் ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள். செயல் என்னவோ ஒன்றாகவே இருந்தது.

ஆகவே செயலிலிருந்து தொடங்குங்கள். பொருளைக் கடைசிக்கு வையுங்கள்.

மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்துவது என் வேலை. அவற்றில் நான் அதிகமாக அடித்திருக்கும் வாக்கியம், "மக்கள் பக்திப் பரவசத்துடன் கலந்துகொண்டனர்." பரவசம் உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது? கண் மூடியிருந்ததா, உடல் ஆடியதா, குரல் உயர்ந்ததா? எத்தனை பேருக்கு? மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பெரும்பாலான சடங்குகளில் பாதிப் பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், குழந்தையைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அடுத்து என்ன என்று தெரியாமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். அதையும் எழுதுங்கள். அலுப்பும் சடங்கின் பகுதிதான். அதை வெட்டிவிட்டு எழுதுகிறவர், தான் பார்க்க விரும்பிய சடங்கை எழுதுகிறார்.

குறிப்பு எடுக்கும் முறையில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முதலில் இடத்தின் வரைபடம். ஓவியத் திறமை வேண்டாம்; கட்டங்களும் புள்ளிகளும் போதும். யார் எங்கே நிற்கிறார், யார் எதைத் தாண்டி வருவதில்லை, யாருக்கு உட்கார இடம் கிடைக்கிறது, யார் வரவே இல்லை. இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். வராதவர்களின் பட்டியல் பல நேரம் வந்தவர்களின் பட்டியலைவிட அதிகம் சொல்லும். குறிப்பேட்டில் இடப்பக்கம் பார்த்ததும் கேட்டதும், வலப்பக்கம் நீங்கள் நினைத்தது. இரண்டும் கலக்கவே கூடாது. அங்கே கிறுக்கிய சொற்களை அன்றிரவே விரித்து எழுதிவிடுங்கள். தூங்கி எழுந்தால் நினைவு தானாகவே கதையை ஒழுங்குபடுத்திவிடும். அந்த ஒழுங்கு உங்களுடையது, சடங்கினுடையது அல்ல.

கோபம், எரிச்சல், தனிமை ஆகியவற்றுக்கு வேறொரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். களப்பணியின் முன்னோடியான மாலினோவ்ஸ்கிக்கே அப்படி ஒன்று தேவைப்பட்டது. அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து, 1967இல் அது அச்சில் வந்தபோது மானிடவியல் உலகம் முகம் சுளித்தது. தான் ஆராய்ந்த தீவு மக்கள்மீது அவ்வளவு சிடுசிடுப்பு. எனக்கென்னவோ அந்தச் சிடுசிடுப்பைத் தனி நோட்டில் கொட்டியதால்தான் மற்ற நோட்டுகள் பிழைத்தன என்று தோன்றுகிறது.

சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே போய்விடுங்கள். கூட்டம் கலைந்த பிறகும் இருங்கள். 1909இல் ஆர்னால்ட் வான் கென்னெப் வாழ்க்கைக் கட்டங்களைக் கடக்கும் சடங்குகளில் மூன்று படிகள் இருப்பதைக் காட்டினார்: பழைய நிலையிலிருந்து பிரித்தல், இரண்டும் கெட்டான் நிலையில் வைத்திருத்தல், புதிய நிலையில் சேர்த்துக்கொள்ளுதல். நேரத்துக்குச் சரியாகப் போகிறவர் நடுப்படியை மட்டும் பார்த்துவிட்டு, அதுவே முழுச் சடங்கு என்று எழுதிவிடுகிறார். கூட்டிப் பெருக்குவதும் பாத்திரங்களை எடுத்து வைப்பதும் சடங்குக்குள் அடங்குமா, வெளியிலா? அதைத் தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள் அல்ல. இருந்து பாருங்கள்.

எல்லாவற்றிலும் மேலாக, தவறு நடக்கும் தருணத்துக்குக் காத்திருங்கள். யாரோ தவறான கையால் ஒரு பொருளை எடுப்பார், ஒரு வரி விட்டுப்போகும், விளக்கு அணையும். உடனே யார் பதறுகிறார், யார் சிரிக்கிறார், யார் திருத்துகிறார், திருத்தியவரை யார் மறுக்கிறார், முழுவதையும் மறுபடி தொடங்குகிறார்களா அல்லது ஒன்றும் நடக்காததுபோல் போய்விடுகிறார்களா என்று கவனியுங்கள். எந்த விதி உயிரானது, எந்த விதி பேச்சுக்கானது என்பது அந்த அரை நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். எந்தப் பேட்டியிலும் அது கிடைக்காது.

இனி, சொல்வதையும் செய்வதையும் ஒட்டவைக்கும் வேலை. இதற்கு விக்டர் டர்னரைவிட நல்ல ஆசான் எனக்குத் தெரியவில்லை. 1950களின் முற்பகுதியில் அவர் இன்றைய சாம்பியாவின் வடமேற்கில் வாழும் ந்டெம்பு மக்களிடையே தங்கியிருந்தார். பெண் பிள்ளைகளின் பருவச் சடங்கில் அங்கே ஒரு மரம் முக்கியம். கீறினால் வெள்ளைப் பால் வடியும் மரம். அதன் இளங்கன்றின் அடியில் போர்வையால் மூடிப் பெண்ணைக் கிடத்துவார்கள். அவள் அசையக் கூடாது. சுற்றிலும் பெண்கள் ஆடுவார்கள். மரம் எதைக் குறிக்கிறது என்று கேட்டால் தயங்காமல் பதில் வந்தது: தாய்ப்பால், தாயும் மகளும், தாய்வழி மரபு, பெண்களின் ஒற்றுமை. அழகான பதில். பலர் அத்தோடு குறிப்பேட்டை மூடியிருப்பார்கள்.

டர்னர் மூடவில்லை. ஆடுகிறவர்களின் வட்டத்தைப் பார்த்தார். பெண்கள் ஆண்களைக் கேலி செய்து விரட்டினார்கள். அதைவிட வியப்பு, கிடத்தப்பட்ட பெண்ணின் தாய்க்கு அந்த வட்டத்தில் சேர அனுமதி இல்லை. தாய்–மகள் உறவின் மரம் என்கிறார்கள். அதே மரத்தடியில் தாயிடமிருந்து மகளைப் பிரிக்கிறார்கள். இந்த முரணைப் பற்றி அவர்களாக யாரும் பேசவில்லை. ஆகவே டர்னர் மூன்று அடுக்குகளைத் தனித்தனியே வைத்தார்: மக்கள் தரும் விளக்கம், சடங்கில் அந்தப் பொருளைக் கையாளும் விதம், மற்றக் குறியீடுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது அதற்குக் கிடைக்கும் இடம். உங்கள் நோட்டிலும் ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி இந்த மூன்றையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் சந்தேகப்படுங்கள். அநேகமாக முதல் பத்தியைப் பார்த்து மற்ற இரண்டையும் நிரப்பியிருப்பீர்கள்.

கேள்வி கேட்கும் கட்டம் வரும்போது, "ஏன்" என்பதைப் பொதுவாகக் கேட்காமல் குறிப்பாகக் கேளுங்கள். ஏன் இவர், ஏன் இன்று, போன முறை யார் செய்தார், அப்போது என்ன ஆயிற்று? குறிப்பான கேள்வியின் வலிமையை மானிடவியலாளர் எவான்ஸ்-பிரிட்சர்டுக்கு அசாண்டே மக்களே கற்றுக்கொடுத்தார்கள். 1926க்கும் 1930க்கும் இடையில் தெற்கு சூடானில் அவர் செய்த ஆய்வு 1937இல் நூலானது. அதில் வரும் தானியக் குதிர் உதாரணம் மானிடவியல் படித்தவர் எவருக்கும் மனப்பாடம். கால்கள்மீது நிற்கும் குதிரின் நிழலில் வெயில் நேரத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். குதிர் சரிந்து சிலர் அடிபடுகிறார்கள். கால்களைக் கரையான் அரித்தது அசாண்டேக்களுக்கு நன்றாகவே தெரியும். கரையான் இல்லை, சூனியம்தான் என்று அவர்கள் சொல்லவில்லை. இத்தனை ஆட்கள் இருக்க, இவர்கள் உட்கார்ந்திருந்த இந்த நேரத்தில் அது ஏன் விழ வேண்டும்? சூனியம் என்பது இந்தக் கேள்விக்கான பதில். தற்செயல் என்று நாம் கைவிரிக்கும் இடத்தில் அவர்கள் விசாரணையைத் தொடங்குகிறார்கள். "இவர்களுக்கு இயற்கைக் காரணம் தெரியாது" என்று எழுதத் துடிக்கும் மாணவருக்கு நான் இந்தக் குதிர் உதாரணத்தைத்தான் காட்டுவது.

"நீங்கள் இதை நம்புகிறீர்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மதம் என்றால் உள்ளத்தில் இருக்கும் நம்பிக்கை என்ற கருத்துக்கே ஐரோப்பியக் கிறித்தவத்தின் சாயல் உண்டு என்று தலால் அசத் போன்றவர்கள் நீண்ட காலமாக வாதாடி வருகிறார்கள். பல இடங்களில் அந்தக் கேள்வியே விளங்காது. விளங்குகிற இடங்களில் அது அவமதிப்பாகப் படும்.

மாந்திரீகத்தை ஆராய்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி. அது எங்கே இருக்கிறது என்பதோடு, எங்கே இல்லை என்பதையும் குறியுங்கள். டிரோபிரியாண்ட் தீவுகளில் மாலினோவ்ஸ்கி கண்டது இதைத்தான்: காயலின் அமைதியான நீரில், நிச்சயமாகக் கிடைக்கும் மீனுக்கு மந்திரம் இல்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் உள்ள திறந்த கடலில் பிடிக்கும் மீனுக்கு விரிவான மந்திரச் சடங்குகள் உண்டு. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரராக இருந்து மானிடவியலுக்கு வந்த ஜார்ஜ் கெமெல்ச், 1971இல் இதே கோட்டைத் தன் விளையாட்டில் கண்டார். பந்து வீசுவதிலும் அடிப்பதிலும் தோல்வி சகஜம். சிறந்த அடிப்பாளரும் பத்தில் ஏழு முறை தோற்கிறார். அங்கே தாயத்து, ராசியான உடை, மாறாத காலைப் பழக்கம் எல்லாம் உண்டு. அடித்த பந்தைப் பிடித்து எறியும் தடுப்பாட்டம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறைக்கும் மேல் வெற்றி தரும்; அதில் இவை அரிது. நீங்கள் ஆராயும் சமூகத்தின் வேலைகளை எல்லாம் வரிசையாக எழுதி, எதற்குச் சடங்கு உண்டு, எதற்கு இல்லை என்று குறித்துப் பாருங்கள். ஆனால் பயம்தான் சடங்கைப் பிறப்பிக்கிறது என்று முடித்துவிடாதீர்கள். சடங்கே பயத்தைப் பிறப்பிக்கலாம் என்று மானிடவியலாளர் ராட்க்ளிஃப்-பிரவுன் 1939இல் திருப்பிக் கேட்டார்: செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தோமா என்ற பதற்றம் எங்கிருந்து வந்தது?

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை மற்றவர்கள் தீர்மானிப்பார்கள். ஜான் ஃபவ்ரே-சாதா 1969இல் மேற்கு பிரான்ஸின் கிராமப்புறத்தில் சூனியம் பற்றி ஆராயப் போனார். யாரும் வாய் திறக்கவில்லை. அதெல்லாம் மூடத்தனம், இங்கே கிடையாது என்றார்கள். கடைசியில் அவரையே சூனியத்தில் சிக்கியவராகவும், சூனியம் எடுப்பவராகவும் சிலர் கருதத் தொடங்கிய பிறகுதான் பேச்சு வந்தது. சூனியம் பற்றிப் பேசுவதே தாக்குதலாகவோ தற்காப்பாகவோ கொள்ளப்படும் ஊரில், வெறுமனே தெரிந்துகொள்வதற்காகக் கேட்கும் ஆளுக்கு இடமே இல்லை. ஆகவே உங்களுக்கு அவர்கள் கொடுத்திருக்கும் இடம் எது என்பதைத் தேதியிட்டு எழுதிவாருங்கள். விருந்தாளியா, மாணவரா, உளவாளியா, நோயாளியா? அந்த இடம் மாறும் நாளில் நீங்கள் கேட்கும் பதில்களும் மாறும்.

எவ்வளவு தூரம் கலந்துகொள்வது? எவான்ஸ்-பிரிட்சர்ட் தன் வீட்டு விவகாரங்களை அசாண்டே வழக்கப்படி, கோழிக்கு நஞ்சு கொடுத்துக் குறி பார்த்தே நடத்தினார். குடும்பம் நடத்த அது வேறெந்த வழிக்கும் குறைந்ததில்லை என்று எழுதினார். விக்டர் டர்னரின் மனைவி எடித், கணவர் இறந்த பிறகு 1985இல் ந்டெம்புகளிடம் திரும்பிச் சென்று, ஒரு குணப்படுத்தும் சடங்கில் நோயாளியின் உடலிலிருந்து ஆவி வெளியேறியதைத் தன் கண்ணால் கண்டதாக அறிவித்தார். சக ஆய்வாளர்கள் பலர் நெளிந்தார்கள். நான் அவர் பக்கம். கண்டதை எழுதும் துணிவு வேண்டும்; அதை வலப்பக்கம் எழுதுவதா இடப்பக்கம் எழுதுவதா என்பது நல்ல தலைவலி.

ஏமாற்றைக் கண்டுபிடிக்கும் துப்பறிவாளராகவும் ஆகிவிடாதீர்கள். கனடாவின் மேற்குக் கரையில் வாழ்ந்த குவாக்கியூட்டில் இனத்து ஷாமன், அதாவது ஆவிகளின் துணையோடு நோய் தீர்ப்பவர், கேசலித்தின் கதையை மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் பதிவுசெய்தார். லெவி-ஸ்ட்ராஸ் 1949இல் அதை உலகறியச் செய்தார். ஷாமன்களின் பித்தலாட்டத்தை அம்பலப்படுத்தவே கேசலித் அந்தக் கலையைக் கற்றார். வாயில் ஒளித்த மெல்லிறகை ரத்தத்தில் நனைத்து, உறிஞ்சி எடுத்த நோய் என்று காட்டும் தந்திரமும் அதில் அடக்கம். ஆனால் நோயாளிகள் தேறினார்கள். அவர் பெரும் ஷாமனாகிவிட்டார். தந்திரம் இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர், தொடங்க வேண்டிய இடத்தில் நிறுத்துகிறார்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக: ஒருமுறை வாங்கினால் போதாது, ஒவ்வொரு நிகழ்வுக்கும் கேளுங்கள். தலைவர் தந்த அனுமதி மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. இரகசியம் என்று சொன்னால் எழுதாதீர்கள், நோட்டில்கூட. காமிராவை எடுக்கும் முன், வேதச் சடங்குகளை ஆராய்ந்த ஃபிரிட்ஸ் ஸ்டாலை நினைத்துக்கொள்ளுங்கள். 1975இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் அவர் குழு படமெடுத்த பன்னிரண்டு நாள் அக்கினிசயனம் என்ற வேத வேள்வி, ஆய்வுக்கான நிதியும் சேர்ந்ததால்தான் நடந்தது. ஆடுகளைப் பலியிடுவதற்கு எதிர்ப்பு எழுந்ததால் மாவுருண்டைகள் மாற்றாயின. அரிய பதிவு, சந்தேகமில்லை. ஆனால் பதிவானது எந்தச் சடங்கு என்ற கேள்வியும் கூடவே பதிவாகிவிட்டது.

எழுதி முடித்ததும், அங்கே இல்லாத ஒருவரிடம் உங்கள் வருணனையைக் கொடுங்கள். அதைப் பார்த்து வரைபடத்தில் ஆட்களை நிறுத்தச் சொல்லுங்கள். யார் எப்போது எதை எடுத்து யாரிடம் தருகிறார் என்று வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடங்களைப் பட்டியலிட்டுக்கொண்டு, அடுத்த முறை அந்தச் சடங்கு நடக்கும்போது மறுபடி போங்கள். அர்த்தம் பற்றிய அத்தியாயத்தை அதற்குப் பிறகு தொடங்கலாம்.