ராஜீவ் வழக்குச் சாட்சியங்களைக் கேள்வி கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் ஒரு தம்பி ராஜீவ் காந்தி கொலை வழக்கைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி, "தோழர், ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்" என்று அனுப்பியிருந்தார். மூன்றாம் பக்கத்திலேயே என் பழைய தப்பு ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் பேனாவோடுதான் படித்தேன். பெயர்ப் பிழை, தேதிப் பிழையை எல்லாம் விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

'விடுதலை' என்ற ஒரே சொல்

இந்த வழக்கில் நம்மை அதிகம் கவிழ்த்தது எதிர்த்தரப்பு இல்லை, இந்தச் சொல்தான். நிரபராதி என்று விடுவித்தாலும் விடுதலை, தண்டனை முடிந்து வெளியே வந்தாலும் விடுதலை, நீதிமன்றம் முன்கூட்டி அனுப்பினாலும் விடுதலை. பத்திரிகைத் தலைப்பில் மூன்றும் ஒன்றுதான்.

1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் (தடா என்பது பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்குத் தூக்கை உறுதிசெய்தது, மூன்று பேருக்கு ஆயுள் தண்டனையாக மாற்றியது. மீதி 19 பேர் விடுதலை. இதை நம்பித்தான் சில வருடம் கழித்து ஓர் அரங்கக் கூட்டத்தில், "19 பேர் நிரபராதிகள் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று முழங்கினேன். கைதட்டல் கூட வந்தது.

முன்வரிசையில் இருந்த வயதான வழக்கறிஞர் ஒருவர் எழுந்தார். "தம்பி, தீர்ப்பின் கடைசிப் பக்கங்களைப் படித்தீர்களா?" நான் படித்திருக்கவில்லை. அவர் நிதானமாக வாசித்தார். கொலைச் சதியிலிருந்து அந்த 19 பேரும் விடுவிக்கப்பட்டது உண்மை. ஆனால் குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுத்தது, பாஸ்போர்ட் சட்டம், வெளிநாட்டவர் சட்டம் போன்ற சிறிய குற்றங்களில் பலர்மேல் இருந்த தண்டனை நின்றது. அதற்குரிய காலத்தை ஏற்கெனவே சிறையில் கழித்துவிட்டதால் வெளியே வந்தார்கள். "நிரபராதி என்ற சொல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். அன்று நான் பேச வந்த விஷயம் வேறு. காவல்துறை வாங்கும் வாக்குமூலம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறிப்பு வைத்திருந்தேன். அதை யாரும் காதில் வாங்கவே இல்லை. இன்றைக்கும் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் எரிச்சல் வரும். அவர்மேல் இல்லை, என்மேல்தான்.

இதே தப்பு 2022-இல் இன்னும் பெரிதாக வந்தது. தூக்கு உறுதியான நால்வரில் ஒருவர், பிறகு அது ஆயுளாகக் குறைந்த பேரறிவாளன். மே 18 அன்று அவரை உச்ச நீதிமன்றம், முழு நீதி செய்யத் தேவையான உத்தரவைப் போட அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவைக் கொண்டு விடுவித்தது. தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரிலேயே விடுவிக்கச் சொல்லிப் பரிந்துரை செய்தும் ஆளுநர் இழுத்தடித்ததுதான் அங்கே பிரச்சினை. சாட்சியத்தை நீதிமன்றம் மறுபடி எடைபோடவில்லை, 1999-இன் குற்றத்தீர்ப்பைத் தொடவும் இல்லை. நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேர் வந்ததும் இதே வழியில்தான். தம்பியோ "31 வருடம் கழித்துக் குற்றமற்றவர் என்று நிரூபணமானது" என்று எழுதியிருக்கிறார். மறுநாள் வாயில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு நின்ற காங்கிரஸ்காரர்களுக்கு இதைவிடச் சுலபமான பந்தை யாரும் போட முடியாது. எழுதும்போது பிரித்து எழுதுங்கள்: குற்றச்சாட்டிலிருந்து விடுவிப்பு, தண்டனைக் குறைப்பு, முன்விடுதலை.

தடா போனால் வாக்குமூலமும் போகும் என்ற கணக்கு

போகவில்லை. இது பயங்கரவாதக் குற்றமில்லை, தடாவின்கீழ் வராது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தடாவின் 15-ஆம் பிரிவில் எஸ்.பி. ஒருவர் பதிவுசெய்த வாக்குமூலங்களைக் கொலை வழக்குக்கு எடுத்துக்கொண்டது. சாதாரணக் கொலை வழக்காக இருந்திருந்தால் காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. கேள்வி கேட்க இதைவிடக் கனமான இடம் இந்த வழக்கில் இல்லை என்பது என் எண்ணம். "தடாவே ரத்து" என்று ஒற்றை வரியில் தாண்டிப்போனால் அந்த இடத்தை நீங்களே மூடிவிடுகிறீர்கள்.

தியாகராஜன் சொல்லாததையும் சொல்ல வைப்பது

பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-இல் வெளிப்படையாகப் பேசினார். குண்டுக்குப் பயன்பட்டதாக வழக்கில் சொல்லப்பட்ட இரண்டு 9 வோல்ட் பேட்டரியை எதற்காக வாங்குகிறோம் என்று தெரியாது என பேரறிவாளன் சொன்னதாகவும், அந்த வரியைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். பிறகு உச்ச நீதிமன்றத்தில் மனுவாகவும் கொடுத்தார். பெரிய விஷயம்தான். ஆனால் பேட்டரியே வாங்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. அவர் பேச்சு தொடுவது சதி தெரியுமா என்ற கேள்வியை மட்டும். 'சி.பி.ஐ. பொய் வழக்கை ஒப்புக்கொண்டது' என்று தலைப்புப் போடாதீர்கள்.

அதே கேள்விக்கு 1991 மே 7 தேதியிட்ட வயர்லெஸ் செய்தி இன்னும் வலுவானது. எங்கள் நோக்கம் எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று கொலையை முன்னின்று நடத்திய சிவராசன், புலிகளின் உளவுத்துறைத் தலைவர் பொட்டு அம்மானுக்குச் சொன்னது. கொலைக்கு இரண்டு வாரம் முந்தையது, அரசுத் தரப்பே எடுத்து வைத்தது. 22 வருடம் கழித்து வந்த பேச்சைவிட இதற்கு எடை அதிகம். ஏனோ யாரும் இதிலிருந்து தொடங்குவதில்லை.

கமிஷன் அறிக்கையைத் தீர்ப்பாக நினைப்பது

வர்மா கமிஷன் பாதுகாப்புக் குறைபாட்டைப் பார்த்தது, ஜெயின் கமிஷன் சதியைப் பார்த்தது. இரண்டும் தீர்ப்பு இல்லை.

எல்லாவற்றையும் சந்தேகிப்பது

ஸ்ரீபெரும்புதூரில் சிதறிக் கிடந்த உடல் பாகங்களையும் துணித் துண்டுகளையும் வைத்து, குண்டு இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டில் இருந்தது என்று தடய அறிவியல் நிபுணர் சந்திரசேகரன் சொன்னார். குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா பிழைத்தது, அதில் மாலையோடு நிற்கும், குண்டைக் கட்டியிருந்த பெண் இருக்கிறார். இதையும் உலுக்கிப் பார்க்கிறேன் என்று கிளம்பினால், வாக்குமூலத்தைப் பற்றி நீங்கள் சொல்லும் நியாயமும் சேர்ந்து போய்விடும்.

"அப்படியானால் யார்தான் செய்தது?"

கடைசியில் இப்படிக் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள்.

தம்பி திருத்தி அனுப்பிவிட்டார். 'விடுதலை' 31 இடத்தில் இருந்தது, 27-ஐ மாற்றியிருக்கிறார். மீதி நாலும் தலைப்பில் இருக்கின்றன, "தலைப்புக்கு அதுதான் எடுப்பாக இருக்கிறது தோழர்" என்கிறார்.